கல்லுருவி வேறு, கல்லுருக்கி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'லூஸ்ஸ்டிரைஃப்' என்ற செடியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஊதாப்பூக் கதிர்களின் படம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. முதல் பாதியில் பிழை எதுவும் இல்லை. பின்பாதியில், இந்தச் செடியைச் சீனாவில் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுக்கிறார்கள் என்று வருகிறது. கடைசிப் பத்தியில், நம் ஊர்க் கல்லுருவியும் இதே குடும்பம்தான், ஆகவே அதற்கும் கல்லைக் கரைக்கும் குணம் உண்டு, பெயரே அதைச் சொல்கிறது என்று முடிகிறது.

தயவுசெய்து இந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இதைக் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் 31 வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் அண்ணனுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்பு, தை மாதம், அண்ணனுக்குச் சிறுநீரகக் கல் என்று ஸ்கேனில் தெரிந்தது. வலி வந்தால் ஆள் சுருண்டுவிடுவார். உறவுக்காரர் யாரோ கைபேசியில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: கல்லுருக்கி இலையை அரைத்து இடுப்பில் பற்றுப் போட்டால் வலி நிற்கும், கஷாயம் வைத்துக் குடித்தால் கல் கரையும் என்று. படம் கிடையாது. வெறும் பெயர்தான். மதினி, களை பறிக்க வந்த பெண்களிடம் கேட்டிருக்கிறாள். அவர்கள் காதில் 'கல்லுருவி' என்று விழுந்திருக்கிறது. "அதுவா மதினி, இந்தா வரப்போரம் பூராவும் கெடக்கே" என்று ஒரு கூடை பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

ராத்திரி பற்றுப் போட்டுத் துணி சுற்றிப் படுத்திருக்கிறார் அண்ணன். எரிந்திருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாராம். காலையில் நான் போய்த் துணியை விலக்கினால், இடுப்பின் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். வெந்நீர் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. "என்னட்டி இது, தீயா காந்துது" என்றார் அண்ணன். அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அரைத்த இலை போக மீதித் தண்டுகள் முறத்தில் கிடந்தன. ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். தண்டு நாலு பட்டையாக இருந்தது. இலைகள் எதிரெதிரே. இலைக் கக்கத்தில் கொத்தாகச் சிவந்த சிறு காய்கள். கஷாயத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்த் தென்னை மூட்டில் ஊற்றினேன். அரை மணி பிந்தியிருந்தால் அதையும் குடித்திருப்பார். அண்ணனுக்குக் கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தச் செடியின் பெயர் நீர்மேல் நெருப்பு. கல்லுருவி என்பது அதற்கு இன்னொரு பெயர். தாவரவியலில் அம்மானியா பாக்சிஃபெரா. அம்மானியா என்பதை அம்மான் உறவோடு சேர்க்க வேண்டாம். பால் அம்மான் என்று 17-ஆம் நூற்றாண்டில் லைப்சிக்கில் இருந்த தாவர அறிஞர் ஒருவரின் பெயரைச் செடிக்கு வைத்தார்கள். நெல் வயலில், தண்ணீர் நின்று வற்றும் இடங்களில் முளைக்கிற களை. முழங்கால் உயரம் வந்தாலே பெரிது. முற்ற முற்றத் தண்டு சிவக்கும். பச்சை வயலில் தண்ணீருக்கு மேலே சிவப்பாக நிற்பதைப் பார்த்தும், இலை தோலைச் சுடுவதை அனுபவித்தும் யாரோ நம் முன்னோர் வைத்த பெயர்தான் நீர்மேல் நெருப்பு. இத்தனை வருடம் பாடம் நடத்தியதில், இதைவிடப் பொருத்தமாக ஒரு செடியின் வாழிடத்தையும் நிறத்தையும் குணத்தையும் மூன்று சொல்லுக்குள் அடக்கிய வேறு பெயரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆச்சி இதை மருந்தாக வைத்திருந்தாள். படர்தாமரைக்கும் நாள்பட்ட மூட்டுவலிக்கும் போடுவாள். கொப்புளம் எழுப்பத்தான் போட்டாள், வேண்டுமென்றே. உள்ளே இருக்கிற வலியைத் தோலுக்கு இழுக்கிறது என்பது அவள் கணக்கு. போட்டவர் பக்கத்தைவிட்டு எழுந்து போகமாட்டாள், தூங்கவும் விடமாட்டாள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கில மருத்துவர்களும் இந்த இலையைச் சோதித்துப் பார்த்து, கொப்புளம் எழுப்பும், ஆனால் வலி மிக அதிகம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இலையின் வேகம் ஆச்சிக்கும் தெரியும், அந்த மருத்துவர்களுக்கும் தெரியும். கைபேசிச் செய்திக்குத் தெரியாது.

அந்தச் செய்தி சொன்ன கல்லுருக்கி வேறு செடி. ஸ்கோபாரியா டல்சிஸ். சர்க்கரை வேம்பு என்றும் சொல்வார்கள். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து நம் தரிசிலும் பாதையோரத்திலும் பரவிவிட்ட செடி. ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று மூன்று இலை இருக்கும், இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். பூ வெள்ளை, நாலு இதழ், நடுவில் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். நீர்மேல் நெருப்புக்கு இலை ஓரத்தில் பல் இல்லை, மயிரடர்ந்த வெள்ளைப் பூ இல்லை. அதன் பூ இருக்கிற இடமே தெரியாது. இரண்டும் வேறு வேறு குடும்பம். ஒரே ஒரு எழுத்துதான் இடையில். 'வி' போய் 'க்கி' வந்தால் செடி மாறுகிறது.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். அங்கேயும் நடந்திருப்பது இதே பெயர்க்குழப்பம்தான்.

ஆங்கிலத்தில் லூஸ்ஸ்டிரைஃப் என்று இரண்டு கூட்டத்துக்குப் பெயர் இருக்கிறது. ஒன்று ஊதாப்பூ லூஸ்ஸ்டிரைஃப், லித்ரம் சாலிகாரியா. இன்னொன்று மஞ்சள்பூ லூஸ்ஸ்டிரைஃப், லைசிமாக்கியா வல்காரிஸ். இரண்டும் ஈரநிலத்தில் வளரும், இரண்டும் நிமிர்ந்து நிற்கும், கோடையில் பூக்கும். அதற்கு மேல் சொந்தம் கிடையாது. ஊதாப்பூ லித்ரேசி குடும்பம். மஞ்சள்பூ பிரிமுலேசி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஊதாப்பூச் செடிக்கு மருதாணியும் மாதுளையும் பூமருதும் நீர்மேல் நெருப்பும் பங்காளிகள். மஞ்சள்பூச் செடிக்கு, நாட்டு மருந்துக் கடையில் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு வாங்குகிறோமே, அந்த வாய்விடங்கம் பங்காளி.

பிறகு ஏன் ஒரே பெயர்? லைசிமாக்கஸ் என்று ஒரு அரசன். அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து, பிறகு திரேஸ் நாட்டை ஆண்டு, கி.மு. 281-ல் போரில் இறந்தவன். ஒரு செடியின் குணத்தை அவன் கண்டுபிடித்தான் என்றும், அந்தச் செடியை நுகத்தடியில் வைத்தால் முட்டிக்கொள்ளும் மாடுகள் அடங்கிவிடும் என்றும் ரோமாபுரியின் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதினார். அரசன் பெயரைப் பிரித்தால் கிரேக்கத்தில் 'லூசிஸ்' விடுவித்தல், 'மாகே' சண்டை. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கில மூலிகைக்காரர்கள் ஒரு ஆளின் பெயரைச் செடியின் குணமாக எடுத்துக்கொண்டு, 'சண்டை விடுவிப்பான்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் சேர்த்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மாட்டுக் கதையைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எங்களிடம் ஒரு மயிலைக் காளையும் ஒரு செவலைக் காளையும் இருந்தன. இடத்தை வலத்தை மாற்றிப் பூட்டிவிட்டால் போதும், வயல் வரும்வரை முட்டல்தான். அப்பா செவலையின் திமிலைத் தடவிக்கொண்டே நடப்பார். அப்படி ஒரு செடி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், பாபநாசம் மலைக்கே போய்ப் பறித்து வந்திருப்பார்.

சரி, சீனாவுக்கு வருவோம். அங்கே கல்லுக்குக் கொடுப்பது லைசிமாக்கியா கிறிஸ்டினே, மஞ்சள்பூக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு படரும் கொடி. இலை வட்டமாகக் காசு மாதிரி இருப்பதால் 'தங்கக்காசுப் புல்' என்ற பொருளில் சின்-சியன்-சாவ் என்கிறார்கள். லைசிமாக்கியாவில் சுமார் 200 இனம் உண்டு, அதில் பெரும்பகுதி சீனாவில்தான். அந்த நாட்டிலும் தொல்லை இதுவே: காசுப்புல் என்ற ஒரே பெயரில், வட்ட இலை உள்ள வேறு குடும்பத்துச் செடிகளையும் ஊருக்கு ஊர் விற்கிறார்கள். ஒன்று அவரைக் குடும்பம், ஒன்று துளசிக் குடும்பம். சீனத்து அரசு மருந்து நூலில் அவரைக் குடும்பத்துக்கு 'குவாங்டுங் காசுப்புல்' என்று தனிப் பெயரே கொடுத்துப் பிரித்துவைக்க வேண்டி வந்தது.

ஆகவே உங்கள் கட்டுரையில் நடந்தது இது: மஞ்சள்பூச் செடியின் வேலையை ஊதாப்பூச் செடிக்குக் கொடுத்து, அதை ஊதாப்பூவின் பங்காளியான நம் வயல் களைக்கும் மாற்றி எழுதிவிட்டார்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். என் மதினியும் நல்ல எண்ணத்தில்தான் அரைத்தாள்.

ஊதாப்பூச் செடிக்கு அதனுடைய சொந்த வேலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பூக்கிற சமயத்தில் கதிரோடு அறுத்துக் காயவைத்து, வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் கஷாயம் கொடுத்தார்கள். துவர்ப்புச் சத்து அதிகம். தோல் பதனிடவும் பயன்பட்டது. ஐரோப்பிய மருந்து நூலில் இன்றும் இடம் இருக்கிறது. நம் வீட்டில் வயிறு போனால் மாதுளம் பிஞ்சை மோரில் அரைத்துக் கொடுப்போமே, அதே துவர்ப்பு. குடும்பக் குணம் என்று சொல்வதானால் இதைச் சொல்லலாம். ஆனால் இதையும் எல்லாச் செடிக்கும் நீட்டக்கூடாது. மருதாணியை ராத்திரி முழுக்கக் கையில் வைத்துத் தூங்குகிறோம், குளிர்ச்சி என்கிறோம். அதே குடும்பத்து நீர்மேல் நெருப்பை ராத்திரி முழுக்க வைத்த அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று மேலே சொன்னேன். கூடப் பிறந்தவர்கள் என்பதற்காக ஒருவர் செய்கிற வேலையை இன்னொருவர் செய்துவிட முடியாது.

மருதாணி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கல்யாணச் சீசனில் 'கறுப்பு மருதாணி' என்று கோன் விற்கிறார்கள். மருதாணி இலையில் கறுப்பு கிடையாது. அதன் சாயம் செம்மஞ்சளில் தொடங்கி அரக்குச் சிவப்பு வரைதான் போகும். கறுக்கவைப்பதற்குப் பெரும்பாலும் முடிச்சாயத்தில் சேர்க்கிற பாராஃபீனைலீன் டையமின் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் பூக்கோலம் அப்படியே கொப்புளமாக எழும்பியதை நானே பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் பெயர்தான் ஏமாற்றுகிறது.

ஊதாப்பூச் செடியை நான் நேரில் பார்த்தது, மகள் வீட்டுக்கு மிச்சிகன் போனபோது. ஆகஸ்ட் மாதம், சாலையோரப் பள்ளத்தில் ஆள் உயரத்துக்கு ஊதாக் கதிர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். கல்லூரியில் படித்த நாளிலிருந்து இந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. காரணம் டார்வின். இதில் ஒவ்வொரு செடியும் மூன்று வகைப் பூவில் ஏதாவது ஒரு வகையைத்தான் பூக்கும். சூல்தண்டு (பூவின் பெண் பாகத்தில் நிற்கும் தண்டு) நீளமாக ஒரு வகை, நடுத்தரமாக ஒரு வகை, குட்டையாக ஒரு வகை. மற்ற இரண்டு நீளங்களிலும் மகரந்தத் தாள்கள் நிற்கும். நீண்ட சூல்தண்டுக்கு, வேறு செடியின் நீண்ட தாளிலிருந்து வரும் மகரந்தம்தான் முழுமையாக விதை பிடிக்கவைக்கும். நீண்ட தாளின் மகரந்தம் பச்சை, மற்றவை மஞ்சள். 1860-களில் டார்வின் பூப் பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்துச் சோதித்து இதை நிறுவினார். அந்தச் சாலையோரத்தில் மகளின் கண்ணாடி லென்ஸை வைத்து மூன்று வகையையும் கண்டுபிடித்தேன். பச்சை மகரந்தம் விரலில் ஒட்டியது. வாழ்க்கையில் மறக்கமாட்டேன்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பூ வேதனை. ஐரோப்பாவும் ஆசியாவும் அதன் சொந்த மண். நம் காஷ்மீரத்து ஓடைக்கரைகளிலும் இயல்பாக வளரும். வட அமெரிக்காவுக்கு 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கப்பலின் அடிச்சுமை மண்ணோடும் தோட்டச் செடியாகவும் போனது. அங்கே அதைத் தின்னும் பூச்சி இல்லை. நன்றாக வளர்ந்த ஒரு செடி வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் விதை போடும். சதுப்பில் இருந்த கோரையையும் புல்லையும் தள்ளிவிட்டுத் தானே நின்றது. பல மாநிலங்களில் அதை விற்கத் தடை. 1992-ல் ஐரோப்பாவிலிருந்து அதன் இலை தின்னும் சிறு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் பார்த்த இடத்திலும் சில செடிகளில் இலை சல்லடையாக இருந்தது.

உங்கள் கட்டுரையில் 'குளக்கரைகளில் அழகுக்கு நடலாம்' என்று ஒரு வரி வருகிறது. அதையும் எடுத்துவிடுங்கள். தாமிரபரணியில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடப்பதை நீங்களே படம் போட்டிருக்கிறீர்கள். அதுவும் ஊதாப்பூ அழகுக்காக இந்த நாட்டுக்கு வந்த செடிதான். கரையில் ஊதா நிறம் வேண்டும் என்றால் பூமருது நடட்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகளின் சொந்த மரம், சித்திரை வைகாசியில் மரமே ஊதாவாகிவிடும். லித்ரேசிதான். (ஆற்றங்கரை மருதமரத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். நீர்மருதும் பூமருதும் வேறு வேறு குடும்பம். பட்டைக்கு மருந்துக்கடையில் தேடுவது நீர்மருதை.)

திருத்தம் போடும்போது கூடவே ஒன்று செய்தால் பெரிய உதவியாக இருக்கும். மூலிகைப் பத்தியில் ஒரு செடியின் பயனை எழுதினால், அந்தச் செடியின் படத்தை இலை, தண்டு, பூ தெரிகிற மாதிரிப் போடுங்கள். அந்தந்த ஊர்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்திலேயே போடுங்கள். அதே பெயரில், அல்லது அதை ஒட்டிய பெயரில் வேறு செடி இருந்தால் அதைக் கட்டம் கட்டிச் சொல்லுங்கள். உள்ளுக்குச் சாப்பிடுகிற விஷயமாக இருந்தால் அச்சுக்குப் போகுமுன் ஒரு சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் நெல்லைப் பதிப்புக்குப் பக்கத்திலேயே. இதற்கெல்லாம் இடம் போதாது என்றால் பயன்களைக் குறையுங்கள், அடையாளத்தைக் குறைக்காதீர்கள். பத்துப் பயன் எழுதியிருந்தால் படிக்கிறவர் அதில் ஒன்றைத்தான் செய்துபார்ப்பார். ஆனால் செடி தவறிவிட்டால் அந்த ஒன்றும் தவறிவிடும்.

இப்படி எழுதுவதால் நான் நாட்டு மருந்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். ஆச்சியின் கைப்பழக்கத்தில் வளர்ந்தவள் நான். ஆச்சி எந்த இலையையும் பெயர் கேட்டு வாங்கமாட்டாள், தானே வயலுக்குப் போய்ப் பறிப்பாள். கசக்கி முகர்ந்து, நுனி நாக்கில் வைத்துத் துப்பிய பிறகுதான் மடியில் கட்டுவாள். அந்தப் பழக்கம் போய்ப் பெயர் மட்டும் நம்மிடம் தங்கியிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிசான நெல் இப்போது பால் பிடித்திருக்கிறது. அண்ணன் வயலில் வாய்மடைப் பக்கம் நீர்மேல் நெருப்பு சிவந்து நிற்கிறது. வரப்பைத் தாண்டி, வண்டிப்பாதையோரம் கல்லுருக்கி பூத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருபது அடி இருக்காது. உங்கள் போட்டோகிராபரை அனுப்பினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். கல்லிடைக்குறிச்சி வந்து இறங்கினால் அண்ணன் மகன் வண்டியில் கூட்டிவருவான். அறுப்புக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். அறுப்பு இயந்திரம் இறங்கிவிட்டால் அடுத்த வருடம்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
கல்லிடைக்குறிச்சி